"நீங்க எப்போ இரட்சிக்கப்பட்டீங்க?" – பயட்டிசம் பற்றி ஓர் எளிய விளக்கம்

தமிழ்நாட்டுச் சபைகளில் புழங்கும் யாருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல: "பிரதர், நீங்க எப்போ இரட்சிக்கப்பட்டீங்க?" மனம் மாறி விசுவாசத்துக்கு வந்த நாளின் தேதியைக் கேட்பவர் எதிர்பார்க்கிறார். கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தல் முடித்து, ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர் இங்கே திணறிப்போவார். அவருடைய ஞானஸ்நானத் தேதி சபைப் பதிவேட்டில் இருக்கிறது. கேட்டவருக்கு அது போதாது.

புரொட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தர் எழுதிய ஞானோபதேசத்தில் இந்தக் கேள்வி கிடையாது. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஜெர்மன் நகரங்கள் சிலவற்றில்தான் இது இன்றைய வடிவத்தை எடுத்தது. அதை எழுப்பிய இயக்கத்தின் பெயர் பயட்டிசம். சரியான உபதேசத்தை ஒப்புக்கொண்டால் மட்டும் விசுவாசம் ஆகிவிடாது, அது ஆளை மாற்றியிருக்க வேண்டும், அந்த மாற்றம் வீட்டிலும் கடைவீதியிலும் தெரிய வேண்டும் என்பது அதன் வாதம். வெறும் வாதமாக இருந்திருந்தால் ஐம்பது ஆண்டுகளில் மறைந்திருக்கும். எங்கும் எளிதாகப் பின்பற்றக்கூடிய சில சின்ன ஏற்பாடுகளை அது உருவாக்கியது: வீட்டுக் கூட்டம், மலிவு வேதாகமம், ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி, தின வசனம், சாட்சி சொல்லுதல். இந்த இயக்கத்தைப் புரிந்துகொள்ள அதன் இறையியலைவிட இந்த ஏற்பாடுகளைப் பார்ப்பதே நல்ல வழி. அவை எப்படி வேலை செய்தன, எந்த இடத்தில் பழுதாயின என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் பெயர். 'பியெட்டாஸ்' என்ற இலத்தீன் சொல்லுக்குப் பக்தி என்று பொருள். தமிழில் சிலர் 'பக்திநெறி இயக்கம்' என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் ஆழ்வாரும் நாயன்மாரும் நினைவுக்கு வந்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு ஏதுமில்லை. நெஞ்சுருகுதல் இரண்டிலும் உண்டு. ஆனால் அங்கே மையம் பாடலும் கோயிலும், இங்கே மையம் புத்தகமும் அறையும். எனவே பயட்டிசம் என்றே வைத்துக்கொள்வோம். 'பயட்டிஸ்ட்' என்பது தொடக்கத்தில் கேலிப்பெயர். 1689-இல் லைப்சிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் யோவாகிம் ஃபெல்லர், 'பயட்டிஸ்ட் என்றால் யார்? தேவ வார்த்தையைப் படித்து அதன்படி பரிசுத்தமாக வாழ்பவர்' என்ற கருத்தில் கவிதை எழுதி, வசைச்சொல்லைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

ஒரு முன்னுரை

1618 முதல் 1648 வரை நடந்த முப்பதாண்டுப் போர் ஜெர்மன் நாடுகளைச் சூறையாடிவிட்டிருந்தது. போருக்குப் பிந்தைய லூத்தரன் சபை அரசின் ஒரு துறை போலவே இயங்கியது. பிறந்தால் ஞானஸ்நானம், அதோடு அங்கத்தினர். பல்கலைக்கழக இறையியலாளர்கள் கால்வினியரையும் கத்தோலிக்கரையும் மறுத்து வாதாடுவதில் தேர்ந்தவர்கள். பிரசங்கங்களில் கிரேக்கமும் இலத்தீனும் மேற்கோள்களாகக் கொட்டும்; நெசவாளிக்கும் வேலைக்காரிக்கும் அதில் எதுவும் மிஞ்சாது.

யோஹான் ஆர்ன்ட் என்ற போதகர் 1605-இலிருந்து 'மெய்யான கிறிஸ்தவம்' என்ற நூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டு, கிறிஸ்துவைப் படிப்பது வேறு, கிறிஸ்துவில் வாழ்வது வேறு என்று எழுதியிருந்தார். அவருடைய பிரசங்கத் தொகுப்பை 1675-இல் மறுபதிப்புச் செய்தபோது, ஃபிராங்க்ஃபர்ட்டின் தலைமைப் போதகர் பிலிப் யாக்கோப் ஸ்பேனரிடம் முன்னுரை கேட்டார்கள். அந்த முன்னுரைதான் 'பியா டெசிடேரியா', அதாவது 'பக்தியுள்ள ஆசைகள்'. அதே ஆண்டில் தனி நூலாகவும் வந்தது. முன்னுரை மூல நூலையே விழுங்கிவிட்ட அபூர்வ நிகழ்வுகளில் இது ஒன்று.

அதில் ஆறு யோசனைகள் இருந்தன. முதல் யோசனைதான் எல்லாவற்றுக்கும் அச்சாணி. அக்கால ஆராதனையில் ஒவ்வொரு ஞாயிறுக்கும் குறித்த வேதபகுதி ஒன்று உண்டு. ஆண்டுதோறும் அதே பட்டியல் திரும்ப வரும். ஒருவர் எழுபது வயது வரை ஒரு ஞாயிறு தவறாமல் வந்தாலும் வேதாகமத்தின் சிறு பங்கைத்தான் கேட்டிருப்பார் என்று ஸ்பேனர் சுட்டினார். அவர் சொன்ன மருந்து மூன்று: வீட்டில் குடும்பத் தலைவர் தினமும் வாசிப்பது, ஆலயத்தில் புத்தகம் புத்தகமாகத் தொடர்ந்து வாசிப்பது, விசுவாசிகள் கூடி ஒரு பகுதியைப் பற்றிக் கலந்து பேசுவது.

இரண்டாவது யோசனை, எல்லா விசுவாசிகளும் ஆவிக்குரிய ஆசாரியர்கள் என்ற லூத்தரின் கருத்தை நடைமுறைக்குக் கொண்டுவருவது. மூன்றாவது, கிறிஸ்தவம் அறிவில் இல்லை, செயலில் இருக்கிறது என்பது. மாற்றுக் கருத்துள்ளவர்களிடம் அன்போடு வாதிடுவது, இறையியல் மாணவர்களின் நடத்தையையும் கல்வியைப் போலவே கவனிப்பது, பிரசங்கம் கேட்பவரைக் கட்டியெழுப்ப வேண்டும் என்பது மற்ற மூன்றும்.

வீட்டுக் கூட்டம்: எப்படி நடந்தது, எங்கே உடைந்தது

'பியா டெசிடேரியா' வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1670-இல், ஸ்பேனர் தம் வீட்டில் ஒரு கூட்டத்தைத் தொடங்கியிருந்தார். வாரம் இருமுறை கூடுவார்கள். ஜெபம், பிறகு ஒரு பக்தி நூலின் பகுதி. பின்னாளில் வேதாகமத்தின் பகுதி. வாசித்த பிறகு யார் வேண்டுமானாலும் பேசலாம். படித்த மேட்டுக்குடியினரோடு தொடங்கி, கைவினைஞர்களும் வேலையாட்களும் வந்து சேர்ந்தார்கள். பெண்கள் பக்கத்து அறையிலிருந்து கேட்கலாம், பேசக்கூடாது. 'எல்லாரும் ஆசாரியர்' என்ற கொள்கை முதல் சுவரை முதல் வீட்டிலேயே சந்தித்துவிட்டது.

ஸ்பேனரின் கணக்கு, இந்தச் சிறு கூட்டம் சபைக்குள் புளித்தமாவாக இருக்கும் என்பது. நடந்தது வேறு. சில ஆண்டுகளில், தொடக்க உறுப்பினர்களில் ஒருவரான யோஹான் யாக்கோப் ஷூட்ஸ் என்ற வழக்கறிஞரும் அவருடைய நண்பர்களும், தகுதியற்றவர்களோடு சேர்ந்து நற்கருணை எடுக்க மாட்டோம் என்று ஒதுங்கினார்கள். காரணம் எளிது. நூறு பேரில் பத்துப் பேர் வாரம் இருமுறை கூடி மனம்விட்டுப் பேசினால், அந்தப் பத்துப் பேருக்குள் வளரும் நெருக்கம் மற்ற தொண்ணூறு பேரையும் அரைக் கிறிஸ்தவர்களாகக் காட்டத் தொடங்கும். கெட்ட எண்ணம் யாருக்கும் தேவையில்லை. கூட்டத்தின் அமைப்பே அதைச் செய்துவிடும். வீட்டு ஜெபக்கூட்டம் சில வருடங்களில் தனிச் சபையாகி, பெயர்ப்பலகை மாட்டிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தி அல்ல.

நான்கு தாலரும் பதினாறு குரோஷனும்

அடுத்த தலைமுறையில் பயட்டிசத்தின் தலைநகரம், பிரஷ்ய ஆட்சியில் இருந்த ஜெர்மன் நகரமான ஹாலே. அங்கே புதிதாகத் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும், நகரத்தை ஒட்டிய ஏழைப் பகுதியான கிளௌகாவில் போதகராகவும் இருந்தவர் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே (1663–1727). தம் வீட்டில் தர்மப்பெட்டி ஒன்றை வைத்திருந்தார். 1695-இல், ஈஸ்டர் காலத்தில், அதில் மொத்தமாக 4 தாலர் 16 குரோஷன் விழுந்திருந்தது. இது நல்ல மூலதனம், இதைக் கொண்டு ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்குவேன் என்றார்.

தாலரும் குரோஷனும் அக்கால ஜெர்மன் நாணயங்கள். ஒரு தாலர் 24 குரோஷன். ஆக மொத்தம் 112 குரோஷன். இரண்டு தாலருக்குப் புத்தகம் வாங்கினார். ஏழை மாணவர் ஒருவரை வாரத்துக்கு 6 குரோஷன் சம்பளத்தில், தினம் இரண்டு மணி நேரம் பாடம் சொல்ல அமர்த்தினார். பிள்ளைகளுக்குக் கொடுத்த 27 புத்தகங்களில் திரும்பி வந்தவை 4. மற்றவை பிள்ளைகளோடு சேர்ந்து காணாமல் போயின. மீண்டும் வாங்கி, இந்த முறை பாடம் முடிந்ததும் புத்தகங்களைப் பள்ளியிலேயே வைத்துவிட்டுப் போகச் சொன்னார். ஃபிராங்கே இறந்தபோது அந்த நிறுவனங்களில் 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அநாதை இல்லம், மருந்தகம், புத்தகக் கடை, அச்சகம் எல்லாம் சேர்ந்து ஒரு சிற்றூராகவே வளர்ந்திருந்தது.

ஃபிராங்கே இதை முழுக்கத் தேவனை நம்பி நடந்த காரியம் என்றே எழுதினார். அது அவருடைய சாட்சி. கணக்குப்புத்தகப் பார்வையில் பார்த்தால் பிரஷ்ய அரசு தந்த வரிவிலக்குகளும் சலுகைகளும், மருந்து விற்பனையும், புத்தக வியாபாரமும் அதைத் தாங்கின. இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் ஹாலே புரியும்: முழங்காலும் கணக்குப்பிள்ளையும் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள்.

வேதாகம அச்சு இன்னும் நுட்பமானது. அக்கால அச்சகங்களில் ஈய எழுத்துகள் விலை கூடியவை. சில பக்கங்களை அடுக்கி அச்சிட்டதும் எழுத்துகளைக் கலைத்து அடுத்த பக்கங்களுக்குப் பயன்படுத்துவார்கள். மறுபதிப்பு என்றால் எல்லாவற்றையும் மறுபடி கோக்க வேண்டும். கூலியும் கூடும், பிழைகளும் புதிதாகப் பிறக்கும். கார்ல் ஹில்டபிராண்ட் ஃபோன் கான்ஸ்டைன் என்ற பிரபு 1710-இல் ஹாலேயில் தொடங்கிய வேதாகம நிறுவனம், முழு நூலுக்கும் தேவையான எழுத்துகளை மொத்தமாக வாங்கி, அடுக்கிய பக்கங்களைக் கலைக்காமல் அப்படியே வைத்துக்கொண்டது. முதலில் பெரும் பணம் போட வேண்டும். அதன்பின் காகிதமும் மையும்தான் செலவு. ஒரு முறை திருத்திய பிழை மறுபடி வராது. புதிய ஏற்பாடு 2 குரோஷனுக்குக் கிடைத்தது. மேலே சொன்ன பள்ளி ஆசிரியரின் இரண்டு நாள் சம்பளம் அளவுதான். எல்லாரும் வேதம் வாசிக்க வேண்டும் என்ற ஸ்பேனரின் ஆசைக்கு, சாமானியர் வாங்கக்கூடிய விலையைத் தந்தது இந்த ஈய எழுத்துகளே.

தேதி வந்த கதை

தொடக்கத்தில் பார்த்த கேள்விக்கு வருவோம். 1687-இல் லூனபுர்க் நகரில் இளம் ஃபிராங்கே ஒரு பிரசங்கம் தயாரிக்க வேண்டியிருந்தது. பகுதி யோவான் 20:31, விசுவாசித்து ஜீவனை அடைவது பற்றியது. எழுத உட்கார்ந்தவருக்குத் தாமே விசுவாசிக்கிறோமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. நாட்கணக்கில் கலங்கி, ஒரு நாள் முழங்காலில் நின்று கதறியபோது சந்தேகம் முற்றாக நீங்கியதாகப் பின்னாளில் எழுதினார். பாவ உணர்வு, போராட்டம், திடீர் விடுதலை, நிச்சயம் என்று அந்த அனுபவத்துக்கு ஒரு வரிசை இருந்தது. ஹாலேயில் படித்தவர்கள் வழியாக அந்த வரிசை வார்ப்பாகவே ஆகிப்போனது. சாட்சிக் கூட்டங்களில் இன்று கேட்கும் 'அன்று – ஒரு நாள் – இன்று' என்ற மூன்று பகுதிக் கதை இதே அச்சில் வார்த்தது.

இதில் ஒரு கோளாறு உண்டு. ஃபிராங்கேக்கு நேர்ந்தது ஓர் அனுபவம். மற்றவர்களுக்கு அது அளவுகோலாகியது. அமைதியான வீட்டில், சிறு வயது முதலே ஜெபித்து வளர்ந்த பிள்ளைக்குச் சொல்ல ஒரு 'ஒரு நாள்' இருக்காது. அந்தப் பிள்ளை ஒன்று தன் விசுவாசத்தையே சந்தேகிக்கும், அல்லது இல்லாத போராட்டத்தை வரவழைத்துக்கொள்ளும். ஹாலேயிலேயே இது நடந்தது. அங்கே மாணவராக இருந்த நிக்கோலஸ் லுட்விக் ஃபோன் சின்சென்டோர்ஃப் பிரபுவிடம் இத்தகைய போராட்டக் கதை எதுவும் இல்லை என்பது, பின்னாளில் ஹாலேக்காரர்கள் அவரைச் சந்தேகத்தோடு பார்க்க ஒரு காரணம்.

அந்தச் சின்சென்டோர்ஃப்தான் 1722-இல், மொராவியாவிலிருந்து (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) ஓடிவந்த அகதிகளுக்குத் தம் நிலத்தில் இடம் கொடுத்தார். ஹெர்ன்ஹூட் என்ற அந்த ஊரில் 1727 ஆகஸ்டில் 24 ஆண்களும் 24 பெண்களும் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று பிரித்துக்கொண்டு தொடர் ஜெபத்தைத் தொடங்கினார்கள். அது நூறு ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1728-இலிருந்து தினமும் ஒரு வசனத்தை வீடு வீடாகச் சென்று சொன்னார்கள். 1731-இலிருந்து அது அச்சுப் புத்தகம். இன்றும் பழைய ஏற்பாட்டு வசனத்தைச் சீட்டு எடுத்து, அதற்குப் பொருத்தமான புதிய ஏற்பாட்டு வசனத்தைச் சேர்த்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். புத்தாண்டு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கும் நம் வழக்கத்துக்கு இது நேர் மூலம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒன்றைப் பார்த்தவருக்கு மற்றது அந்நியமாகத் தோன்றாது.

இங்கும் சறுக்கல் உண்டு. 1740-களில் ஹெர்ன்ஹாக் என்ற அவர்களுடைய மற்றொரு குடியிருப்பில் கிறிஸ்துவின் காயங்களைப் பற்றிய தியானம் எல்லை மீறி, குழந்தை விளையாட்டு போன்ற பேச்சும் பாட்டுமாக ஆனது. 1749-இல் சின்சென்டோர்ஃபே கண்டிக்க வேண்டி வந்தது. உணர்ச்சியை ஆதாரமாக வைத்தால், நேற்றைய அளவு இன்று போதாமல் போகும்.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1736-இல் அமெரிக்கா போகும் கப்பலில், புயலுக்கு நடுவே பதறாமல் பாடிக்கொண்டிருந்த மொராவியரைக் கண்டு வியந்தார். 1738 மே 24-இல் லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் அவருக்கும் ஒரு தேதி கிடைத்தது. அதே ஆண்டு ஹெர்ன்ஹூட்டுக்கும் போய்ப் பார்த்துவந்தார். மெதடிஸ்ட் சபையின் சிறு குழுக்களில் மொராவியர் சாயல் தெளிவாகவே தெரியும்.

தரங்கம்பாடியில்

தமிழ் வாசகர்களுக்கு இது தூரத்துக் கதை அல்ல. டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்ப, ஹாலேயில் ஃபிராங்கேயிடம் படித்த பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹைன்ரிஹ் புளூச்சோவும் 1706 ஜூலை 9-இல், அப்போது டென்மார்க் வசமிருந்த தரங்கம்பாடியில் இறங்கினார்கள். ஹாலேயின் ஏற்பாடுகள் அப்படியே கடற்கரைக்கு வந்தன: ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி, அச்சகம், தாய்மொழியில் வேதம். 1713-இல் ஹாலேயிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் மிகப் பெரியவை. அவற்றில் முழு நூலையும் அச்சிட்டால் காகிதம் கட்டுபடியாகாது. இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதாக வெளிவந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சான முதல் புதிய ஏற்பாடு அதுவே.

பயட்டிசத்தின் குறுகலையும் சீகன்பால்கு அனுபவித்தார். தமிழரின் தெய்வங்களைப் பற்றி அவர் விரிவாக எழுதி 1713-இல் அனுப்பிய கையெழுத்துப்படியை ஹாலே அச்சிடவில்லை. அந்த மூடத்தனத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர, ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது ஃபிராங்கேயின் நிலை. நூல் 1867-இல்தான் சென்னையில் வெளியானது. கோபன்ஹேகனில் மிஷன் செயலராக இருந்த வென்ட் இன்னும் கடுமையானவர்: அப்போஸ்தலரைப் போல நடந்து பிரசங்கிப்பதை விட்டுவிட்டு ஆலயம், பள்ளிக் கட்டடம் எல்லாம் எதற்கு என்று கேட்டார். உள்ளான மாற்றமே எல்லாம் என்ற கொள்கையை நேர்க்கோட்டில் இழுத்துக்கொண்டு போனால் அந்தக் கேள்வியில்தான் முடியும். சீகன்பால்கு 1719-இல், 36 வயதில் இறந்தார்.

ஆனால் கொள்கைக்கு வந்த பெரிய சோதனை சாதி. ஆவிக்குரிய ஆசாரியத்துவம் இங்கே உபதேசியார் என்ற பதவியாக வேர்விட்டது. ஊர் ஊராகப் போய்ச் சபைகளைக் கட்டியவர்கள் அவர்களே. 1733-இல் வேளாளரான ஆரோன் குருப்பட்டம் பெற்றார். இந்தியாவின் முதல் புரொட்டஸ்டன்ட் சுதேசப் போதகர். தஞ்சைப் பகுதியில் உழைத்த மற்றொரு உபதேசியார் இராஜநாயக்கன், முன்னாள் படைவீரர், பறையர் சமூகத்தில் பிறந்தவர். உழைப்பிலோ விசுவாசத்திலோ அவரிடம் யாரும் குறை காணவில்லை. ஆனாலும் அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கவில்லை. அவர் கையால் வேளாளக் கிறிஸ்தவர்கள் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்பது மிஷனரிகள் எழுதிவைத்த காரணம். 1741-இல் பட்டம் வேறொருவருக்குப் போனது. ஆளுக்கு ஆள் மனம் மாறினால் சமூகம் தானாக மாறிவிடும் என்று பயட்டிசம் நம்பியது. மனம் மாறியவர்கள் தனித்தனி இடத்தில் உட்கார்ந்து ஆராதித்தார்கள்.

எதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது

பயட்டிசம் ஒரு சபைப்பிரிவு அல்ல. சபைக்குள் ஓடும் ஒரு போக்கு. பெந்தெகொஸ்தே அல்ல; அந்நிய பாஷை இதன் அடையாளம் இல்லை, ஆனால் தனிமனித அனுபவத்துக்குத் தரும் இடம் இங்கிருந்தே அங்கே போனது. அறிவுக்கு எதிரியா என்றால், பாதி உண்மை. ஹாலேயின் பயட்டிஸ்டுகள் தூண்டியதால் தத்துவப் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ஃபை 1723-இல் பிரஷ்ய மன்னர் 48 மணி நேரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார், இல்லாவிட்டால் தூக்கு. அதே இயக்கத்தைச் சேர்ந்த யோஹான் ஆல்பிரெஹ்ட் பெங்கல், கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப் படிகளை ஒப்பிட்டு 1734-இல் வெளியிட்ட பதிப்பு, மூலபாட ஆய்வுக்கே அடித்தளங்களில் ஒன்று. அதே பெங்கல் வெளிப்படுத்தின விசேஷத்தைக் கணக்குப் போட்டு, ஆயிரவருட அரசாட்சி தொடங்கும் ஆண்டாக 1836-ஐக் குறித்ததும் உண்மை. ஒரே மேசையில் இரண்டு வேலை.

பெங்கலின் சொந்த நாடான, தென்மேற்கு ஜெர்மனியின் வியூர்ட்டம்பர்க், ஸ்பேனரைக் குழப்பிய பிரச்சினைக்கு ஒரு நிர்வாகத் தீர்வு கண்டது. 1743-இல் வந்த அரசாணை வீட்டுக் கூட்டங்களைத் தடுக்கவில்லை, நிபந்தனை போட்டது: போதகருக்குத் தெரிந்தே நடக்க வேண்டும், கூட்டம் சிறிதாக இருக்க வேண்டும், ஆராதனை நேரத்தில் கூடக்கூடாது, இரவு நெடுநேரம் நீளக்கூடாது. சலிப்பூட்டும் விதிகள்தான். ஆனால் ஆட்களை ஆலயத்துக்கும் வீட்டுக்கும் இடையே தேர்ந்தெடுக்கச் சொல்லாத விதிகள். அதனால்தான் மற்ற பகுதிகளில் பிரிந்தும் கரைந்தும் போன பயட்டிசம், இங்கே பெரும்பாலும் சபைக்குள்ளேயே தங்கியது. இப்போதும் அங்கே இந்தக் கூட்டத்துக்குப் பெயர் 'ஸ்டுண்டே'. ஜெர்மன் மொழியில் அதற்கு 'மணி நேரம்' என்று பொருள். அங்கிருந்து தென் உக்ரைனில் குடியேறிய ஜெர்மன் விவசாயிகள் இந்த வழக்கத்தைக் கொண்டுபோனார்கள். அக்கம்பக்கத்து உக்ரைன் விவசாயிகள் பார்த்துப் பழகி, தாங்களும் வீடுகளில் கூடத் தொடங்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ரஷ்ய அதிகாரிகள் அவர்களைத் துன்புறுத்தியபோது வைத்த பெயர் 'ஷ்டுண்டிஸ்டுகள்', அதாவது 'மணி நேரக்காரர்கள்'.